ராஸ்பெரிப் பழம் தொட்டாலே உதிர்கிறது. பாத்தி ஓரத்தில் எந்தப் பூ விதைக்கலாம்?

முல்லைவேலி
வணக்கம். 3 மீட்டர் நீள மேட்டுப்பாத்தி, கோடையில் காய்க்கும் ராஸ்பெரி, நட்டு மூன்றாம் ஆண்டு. பூ நிறைய வருகிறது. ஆனால் பறிக்கக் கைவைத்தால் பழம் முத்து முத்தாக உதிர்ந்துவிடுகிறது. முதலில் பழுப்பவைதான் மோசம், பின்னால் வருபவை பரவாயில்லை. பாத்தி ஓரத்தில் பகட்டில்லாத, மெல்லிய சின்னப் பூக்கள் வைக்க ஆசை. அவை ராஸ்பெரிக்குப் போட்டியாகுமா? எந்தத் தண்டை எப்போது வெட்டுவது என்பதிலும் குழப்பம்.

மண்புழு
உதிர்வதற்கும் நீங்கள் கேட்கும் பூக்களுக்கும் தொடர்பு இருக்கிறது. ராஸ்பெரி என்பது ஒரு பழம் இல்லை. ஒரே பூவுக்குள் ஏறக்குறைய நூறு சூலகங்கள் (பழமாக மாறும் பெண் பாகங்கள்) இருக்கும். மகரந்தம் பட்ட ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிப் பழமாகி, மேலுள்ள நுண்மயிர்களால் பக்கத்து முத்தோடு பின்னிக்கொள்கிறது. மகரந்தம் படாத இடத்தில் முத்து இருக்காது, அக்கம்பக்கத்து முத்துகளுக்கும் பிடிமானம் போய்விடும். அதனால்தான் உதிர்கிறது.

ராஸ்பெரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், துணைக்கு வேறு ரகம் தேவையில்லை. ஆனால் மகரந்தத் தாள்கள் வெளிவட்டத்தில் இருப்பதால் நடுவிலுள்ள சூலகங்களுக்குத் தேனீ நடந்துபோய்த்தான் கொடுக்க வேண்டும். குளிரிலும் மழையிலும் தேனீ வெளியே வராது. முதல் பழங்கள் மட்டும் மோசம் என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்தக் காரணமாகத்தான் இருக்கும். பூத்திருக்கும்போது எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் உட்பட.

ஒரு செடியில் எல்லாப் பழமும், எல்லா ஆண்டும் உதிர்ந்தால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. வேரோடு தோண்டி அப்புறப்படுத்த வேண்டும், அதன் பக்கக்கன்றுகளையும் எடுத்து வேறிடத்தில் நடக்கூடாது.

ராஸ்பெரியின் பூவையே கொஞ்சம் நின்று பாருங்கள். விரல்நுனி அளவு, ஐந்து வெள்ளை இதழ், தலை கவிழ்ந்திருக்கும், இதழ்களும் சீக்கிரம் கொட்டிவிடும். ஆனால் தேனை அள்ளிக் கொடுக்கும். நீங்கள் தேடும் எளிமையான பூ ஏற்கனவே பாத்தியில் இருக்கிறது.

தும்பைப்பூ
பூ விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றை இதழ் வகைகளையே தேர்ந்தெடுங்கள். அடுக்கு இதழ்ப் பூக்களில் மகரந்தத் தாள்களே பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும், தேனீக்கு அங்கே அதிகம் கிடைக்காது.

போட்டி பற்றிய கவலை நியாயமானது. ராஸ்பெரியின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் 25 – 30 செ.மீ. மண்ணிலேயே இருக்கிறது. தண்டு வரிசையிலிருந்து 45 செ.மீ.யாவது தள்ளி விதையுங்கள். அந்த இடைவெளியைக் கொத்தாதீர்கள், வேர் அறும். 5 – 8 செ.மீ. தடிமனுக்கு இலைச்சருகு அல்லது வைக்கோல் மூடாக்குப் போதும், களையும் அடங்கும்.

ஓரத்துக்கு முதல் இடம் அலிசம். ஒரு சாண் உயரம்கூட வராது, வெள்ளைப் பூ மாதக்கணக்கில் நிற்கும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், எனவே மண்மேல் தூவி அழுத்திவிட்டால் போதும், மூடக்கூடாது. சிர்ஃபிட் ஈக்கள் (பூக்களை நாடும் ஒரு வகை ஈ) இதைத் தேடி வரும். அவற்றின் புழுக்கள் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். ராஸ்பெரியின் வைரஸ்கள் சிலவற்றைப் பரப்புவதே அசுவினிதான்.

நீலப் பூவுக்கு போரேஜ். ஆணிவேர்ச் செடி, நாற்று பிடுங்கி நட்டால் வாடும். 1 செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதைத்து 30 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். தானே விதை கொட்டிப் பாத்தி முழுக்க முளைக்கும், வேண்டாதவற்றைச் சிறிதிலேயே பிடுங்க வேண்டும். நிஜெல்லாவும் இப்படித்தான் நேரடி விதைப்பு.

காஸ்மோஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் என்பதால் ராஸ்பெரிக்கு நிழல் விழாத பக்கத்தில் வையுங்கள். அதற்கு உரமே போடாதீர்கள். போட்டால் இலைதான் வரும், பூ குறையும். 30 செ.மீ. வளர்ந்ததும் நுனி கிள்ளினால் கிளைத்துப் பூக்கும்.

கவாத்துக்கத்தி
ராஸ்பெரியின் வேர் பல ஆண்டு இருக்கும், தண்டு இரண்டே ஆண்டு. உங்கள் வகையில் இந்த ஆண்டு முளைக்கும் பச்சைத் தண்டு அடுத்த ஆண்டுதான் காய்க்கும், காய்த்தபின் காய்ந்துவிடும். ஆகவே அறுவடை முடிந்ததும் காய்த்த பழுப்புத் தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டுங்கள், கட்டை விடாமல். பச்சைத் தண்டுகளைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அடுத்த ஆண்டு ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர்கள்தான் அதிகம். (முழுவதும் தரையோடு வெட்டுவது இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகைக்கு. அதையும் குளிர்காலக் கடைசியில், துளிர்க்குமுன்.)

மீட்டருக்கு 10 – 12 உறுதியான தண்டு போதும். 75 செ.மீ., 150 செ.மீ. உயரங்களில் இரண்டு கம்பி இழுத்து, 10 செ.மீ. இடைவெளியில் கட்டுங்கள். நெருக்கினால் காற்றோட்டம் போய்ச் சாம்பல் பூஞ்சணம் வரும். அது பூ வழியாகவே நுழைந்து, பழுக்கும்போதுதான் முகம் காட்டும்.

முல்லைவேலி
மிக்க நன்றி. இன்னொன்று: இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. சாம்பல் போட்டுவந்தேன்.

மண்புழு
சாம்பலை உடனே நிறுத்துங்கள். அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ராஸ்பெரிக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 – 6.5 வேண்டும். சோதித்துப் பார்த்து, கூடியிருந்தால் கந்தகத்தூள் கலக்கலாம். வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும். அதுவரை இரும்புக் கீலேட் (வேர் எடுக்கக்கூடிய வடிவிலுள்ள இரும்புச் சத்து) கொடுத்தால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

வெயில்நிலம்
குளிர்காலமே இல்லாத இடத்தில் இது காய்க்குமா?

கவாத்துக்கத்தி
கோடை வகைகள் காய்க்காது. மொட்டு விழிக்க 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். மைசூர் ராஸ்பெரி என்னும் ரூபஸ் நிவியஸ் குளிரில்லாமலே காய்க்கும். பூ இளஞ்சிவப்பு, பழம் கருப்பு, முள் கடுமை. ஆனால் ஹவாயிலும் கலாபகஸ் தீவுகளிலும் களையாகிப் பரவிய செடி அது. பழத்தைப் பறவைக்கு விடாமல் பறித்துவிடுங்கள்.