ஒரே காட்சியில் ஒதெல்லோ விழுவதை மேடையில் எப்படி நம்ப வைப்பது?

கேள்வி (திரைமறைவு):
ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம், மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. டெஸ்டிமோனாவுக்கும் துணைத்தளபதி கேசியோவுக்கும் கள்ள உறவு என்று ஒதெல்லோவை நம்பவைக்கிறான் அவனுடைய கொடியேந்தி இயாகோ. மனைவி டெஸ்டிமோனாமேல் உயிரை வைத்திருக்கும் தளபதி ஒதெல்லோ, சுமார் 480 வரிகளுக்குள் அவளைக் கொல்லத் துணிந்துவிடுகிறான். ஒத்திகையில் பார்த்தால் வெறும் ஏமாளியாகத் தெரிகிறான். இயாகோ அவனை எந்த இடத்தில் பிடிக்கிறான்? எந்த வரியை அழுத்திச் சொல்ல வேண்டும்?

பதில் (நடுவரங்கு):
எதையும் அழுத்தாதீர்கள். இயாகோ வில்லன் மாதிரி பேச ஆரம்பித்தால் காட்சி அங்கேயே படுத்துவிடும்.

முதல் பாதியில் அவன் எடுத்துப்போடும் சங்கதிகளைப் பாருங்கள். ஒதெல்லோ வருவதைக் கண்டு டெஸ்டிமோனாவிடமிருந்து கேசியோ நழுவிப் போனது உண்மை. பதவி பறிபோன வெட்கத்தில் போகிறான். டெஸ்டிமோனா அப்பாவுக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்டது உண்மை. காதலித்த நாளில் கேசியோ தூது போனதும் உண்மை, அதையும் ஒதெல்லோதான் சொல்கிறான். இயாகோ செய்வதெல்லாம், கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பது. “அவன் நேர்மையானவன் இல்லையா?” “நேர்மையா, பிரபு?” “என்ன நினைக்கிறாய்?” “நினைப்பதா, பிரபு?” இவன் எதையோ மறைக்கிறான் என்று ஒதெல்லோவே முடிவுகட்டித் தோண்டத் தொடங்குகிறான்.

இங்கே நடிகர்கள் வேகமாக ஓட்டிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. ஒவ்வொரு எதிரொலிக்கும் ஒதெல்லோ ஓரடி நெருங்கட்டும், இயாகோ ஓரடி விலகட்டும்.

துணிந்த பொய் பின்னால்தான் வருகிறது. கண்ணால் காணும் ஆதாரம் கொடு என்று ஒதெல்லோ அவன்மேல் பாய்ந்த பிறகுதான், கேசியோ தூக்கத்தில் உளறினான், டெஸ்டிமோனாவின் கைக்குட்டையால் தாடி துடைத்தான் என்பதெல்லாம். அப்போது உயிர் பிழைக்கப் பேசுகிறான். குரல் மாறியே ஆகவேண்டும்.

பதில் (ஓரங்கம்):
பிடி விழுவது இரண்டாம் அங்கத்திலேயே என்பேன். கேசியோ குடித்துச் சண்டை போட்ட இரவில், “அவனுக்குக் கெடுதல் செய்வதைவிட என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான் இயாகோ. நண்பனுக்காகக் குறைத்துச் சொல்கிறான் என்று நம்பி, ஒதெல்லோ கேசியோவைப் பதவியிலிருந்து நீக்குகிறான். இயாகோ தயங்கினால் உள்ளே பெரிசாக ஏதோ இருக்கிறது என்ற கணக்கு அன்றைக்கே ஏறிவிட்டது. நேரம் போதவில்லை என்று அந்தப் பகுதியைச் சுருக்கினால், மூன்றாம் அங்கத்தில் ஒதெல்லோ ஏமாளியாகத்தான் தெரிவான்.

திரைமறைவு:
அந்தப் பகுதியைத்தான் பாதியாக வெட்டியிருந்தோம், திரும்பச் சேர்க்கிறோம். இன்னொன்று: டெஸ்டிமோனாவிடம் நேரில் கேட்டுத் தெளிந்திருக்கலாமே?

நடுவரங்கு:
கேட்டாலும் பயன்படாதபடி ஏற்பாடு செய்துவிடுகிறான். விடைபெற்றுப் போனவன் திரும்பி வந்து, கேசியோவுக்கு இப்போதைக்குப் பதவி தராதீர்கள், உங்கள் மனைவி அவனுக்காக எவ்வளவு மன்றாடுகிறார் என்று கவனியுங்கள் என்கிறான். கேசியோவை அவளிடம் சிபாரிசுக்குப் போகச் சொன்னவனே இவன்தான். அடுத்த காட்சியில் ஒதெல்லோ கைக்குட்டை, கைக்குட்டை என்று கத்த, அவள் கேசியோவைப் பற்றியே பேசுகிறாள். அவளுடைய நல்ல மனசே சாட்சியாகிவிடுகிறது. நாடகத்தில் எனக்கு மிகவும் கொடூரமாகப் படும் இடம் இதுதான்.

ஓரங்கம்:
கைக்குட்டை விழும் இடத்தையும் கவனியுங்கள். தலைவலி என்கிறான் ஒதெல்லோ, டெஸ்டிமோனா அதைக் கட்டிவிட வருகிறாள், சின்னது என்று அவனே தட்டிவிடுகிறான். “அது கிடக்கட்டும்” என்பதும் அவன்தான். சிவப்பு ஸ்ட்ராபெரி வேலைப்பாடு கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில் வெள்ளைத் துணி எடுங்கள்.

மூலக்கதை இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565இல் வெளியிட்டது. அதில் இயாகோவின் இடத்தில் இருக்கும் கொடியேந்தியே கைக்குட்டையைத் திருடுகிறான். ஷேக்ஸ்பியர் அந்த வேலையை இயாகோவின் மனைவி எமிலியாவின் கைக்கு மாற்றினார். எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா கேட்கும்போது, “தெரியாதம்மா” என்கிறாள் எமிலியா. சின்ன வசனம்தானே என்று அதை வெட்டிவிடாதீர்கள். கடைசி அங்கத்தில் அவள் கணவனுக்கு எதிராக வாய் திறப்பதன் கனம் அந்தப் பொய்யில்தான் இருக்கிறது.