ஜவ்வாது மலையில் சைக்கிள், கூடாரம்: கொசு க்ரீம் தடவியும் கடி நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

மலைப்பெடல்:

எல்லோருக்கும் வணக்கம். மழை ஓய்ந்ததும் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி, தெரிந்த விவசாயி ஒருவரின் நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்குவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். சாமை அறுப்பு முடிந்த நேரம், குளிர், பச்சை எல்லாம் அருமை. கடி மட்டும்தான் தாங்கவில்லை.

கிளம்பும்போதே மெடிக்கலில் வாங்கிய கொசு க்ரீம் தடவுகிறேன். பாதி ஏற்றத்திலேயே வியர்வையோடு போய்விடுகிறது. மெதுவாக ஏறும்போது பெரிய ஈ ஒன்று துரத்திவந்து லைக்ரா ஷார்ட்ஸுக்கு மேலேயே சுருக்கென்று கடிக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் சாக்ஸ் எலாஸ்டிக் ஓரத்திலும் இடுப்பிலும் கொத்துக் கொத்தாகத் தடிப்பு, ஒரு வாரத்துக்கு அரிப்பு. கூடாரத்தின் வலை கிழியவில்லை, உள்ளே ஒரு கொசுகூட இல்லை. கூடாரத்துக்குள் கொசுவர்த்தி வைத்தால் சரியாகுமா?

கண்ணமங்கலத்தான்:

முதலில் கொசுவர்த்தி. கூடாரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். நைலான் துணி, மூடிய இடம், ராத்திரி முழுக்க நெருப்பு, புகை. வெளியே சமைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அப்புறம், உங்களைக் கடிப்பது ஒரே பூச்சி இல்லை ப்ரோ. எந்த இடத்தில் கடி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஏற்றத்தில் துரத்துவது மாடுகளைக் கடிக்கும் பெரிய ஈ. கொசுவால் ஓடுகிற சைக்கிளைப் பிடிக்க முடியாது, அந்த ஈயால் முடியும். அடர் நிறத் துணியும் அசைகிற பொருளும் அதை இழுக்கும். க்ரீமுக்கு அது அவ்வளவாக மசியாது. வெளிர் நிறத்தில் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை போடுங்கள். லைக்ரா தோலோடு ஒட்டியிருப்பதால் ஈயின் வாய் சுலபமாக உள்ளே போகிறது.

சாக்ஸ் ஓரத்திலும் இடுப்பிலும் வருவது கொசுக்கடியே இல்லை. புல்லிலிருந்து காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடம்வரை போய் நின்று கடிப்பவை. உண்ணிக் குஞ்சாக இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத சிலந்திப் பேனாகவும் இருக்கலாம். கூடாரத்துக்குள் அவை பறந்து வரவில்லை, நீங்கள்தான் சாயங்காலம் புல்லில் உட்கார்ந்து உங்கள் துணியிலேயே ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறீர்கள்.

சாமைச்சோறு:

பச்சைப்பூண்டு நாலு பல் தின்றுவிட்டு ஏறுங்க தம்பி, ஒன்றும் கிட்ட வராது. விட்டமின் பி மாத்திரையும் நல்லது என்பார்கள்.

கண்ணமங்கலத்தான்:

அண்ணா, கூட வருகிறவர்கள் வேண்டுமானால் கிட்ட வரமாட்டார்கள் :) பூண்டு, விட்டமின் பி இரண்டையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, கொசுவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

செயின்லூப்:

க்ரீம் பற்றிச் சொல்கிறேன். ஏறும்போது தடவுவது வீண். வண்டி ஓடும்வரை கொசு பிரச்சினையே இல்லை. இறங்கியதும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, உடை மாற்றி, பொழுது சாய்வதற்கு முன் தடவுங்கள். பகலில் டீக்கடை நிழலில் நீண்ட நேரம் நின்றால் கணுக்காலுக்கு மட்டும் கொஞ்சம் போடலாம், டெங்கு கொசு பகலில் கடிப்பது. சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், அது காய்ந்த பிறகு பூச்சி விரட்டி.

வாங்கும்போது அட்டையில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் படியுங்கள். டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் வகையறா வாசனையாக இருக்கும், சீக்கிரம் ஆவியாகிவிடும். சைக்கிள்காரர்களுக்கு டீட்டில் ஒரு சிக்கல்: அது பிளாஸ்டிக்கையும் ஸ்பான்டெக்ஸையும் (லைக்ரா துணி) அரிக்கும். தடவிய கையோடு கூலிங் கிளாஸ், வாட்ச், ஹெல்மெட் ஓடு, ஷார்ட்ஸ் எதையும் தொடாதீர்கள். பிகாரிடினில் அந்தத் தொல்லை கிடையாது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

மலைப்பெடல்:

உடைக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அடிக்கலாம் என்று படித்தேன். மெடிக்கலில் கேட்டால் 5 சதவீத க்ரீம் தருகிறார்கள். அதைத் துணியில் பூசலாமா?

செயின்லூப்:

வேண்டாம். அது சிரங்குக்குத் தோலில் பூசுவது. துணிக்கென்று 0.5 சதவீத ஸ்ப்ரே தனியாக இருக்கிறது. சாக்ஸ், ஷூ, பேன்ட் காலில் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். புல்லில் இருந்து ஏறுகிற கூட்டத்துக்கு இதுதான் சரியான மருந்து. வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை பக்கத்தில் விடாதீர்கள், அதற்கு ஆகாது. ஓடைக்கரையிலும் அடிக்காதீர்கள், மீன் செத்துவிடும்.

வார்டு அக்கா:

நான் செவிலியர். எல்லோரும் அரிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பயப்படுவது அரிக்காத கடிக்கு. ஸ்க்ரப் டைஃபஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிலந்திப் பேன் கடித்து வரும் காய்ச்சல். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மழைக்குப் பிறகு வருகிற குளிர் மாதங்களில்தான் அதிகம் வரும். நீங்கள் மலையேறுவதும் அதே மாதங்களில்தான். அதைப் பரப்பும் சிலந்திப் பேன் கடித்தால் பெரும்பாலும் வலியோ அரிப்போ இருக்காது.

ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி என்று வந்தால் "மலையில் புல்லில் தங்கினேன்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு இங்கெல்லாம் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, சிலருக்குப் பொருக்கே வராது. டாக்ஸிசைக்ளின் மாதிரி சாதாரண மாத்திரையிலேயே குணமாகும் நோய்தான். ஆனால் தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

தடுக்க: புல்லில் நேராக உட்காராமல் தார்ப்பாய் விரியுங்கள். ஈரத்துணியைப் புதர் மேல் காயப்போடாமல் கயிறு கட்டிப் போடுங்கள். காலைக்கடனுக்குப் புதருக்குள் போகாமல் விவசாயி வீட்டுக் கழிப்பறையைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். இறங்கியதும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள், போட்ட துணியை வெந்நீரில் அலசுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

மலைப்பெடல்:

அக்கா, போன தடவை கூட வந்த ஒருவனுக்கு இப்போது நாலு நாளாகக் காய்ச்சல். வைரல் என்று வீட்டிலேயே படுத்திருக்கிறான்.

வார்டு அக்கா:

நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அழைத்துப்போங்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள், மலைக்குப் போன தேதியையும் எழுதி எடுத்துப்போங்கள்.

மலைப்பெடல்:

கிளம்பிவிட்டோம். இடுப்பில் பெல்ட் போடும் இடத்தில் கறுப்பாக ஒன்று இருக்கிறதாம், வலியே இல்லை என்கிறான். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.