குற்றம் குறைந்தால் மாலை பொலிசுக்கா?

வெள்ளவத்தையான்:
எங்கள் ஒழுங்கையில் ஒரே மாதத்தில் இரண்டு சங்கிலி அறுப்பு. நியூயோர்க்கைப் பாருங்கள். 1990இல் 2,200க்கு மேல் கொலைகள், 1998இல் 650க்கும் குறைவு. மேயர் ஜூலியானியும் பொலிஸ் ஆணையாளர் பிராட்டனும் 1994இல் வந்து சின்னத் தப்பையும் விடவில்லை. சிக்னலில் கார்க் கண்ணாடி துடைத்துக் காசு கேட்டவனைக்கூடத் துரத்தினார்கள். கொழும்புக்கும் அதுதான் மருந்து.

கணக்கு ரீச்சர்:
மாலையைக் கொஞ்சம் பிடியுங்கள். ஜூலியானி பதவிக்கு வருமுன்பே, 1993இல், அங்கே கொலை 2,000க்குக் கீழே வந்துவிட்டது. கனடாவில் ஜூலியானியும் இல்லை, அமெரிக்கா மாதிரிச் சிறைகளை நிரப்பவும் இல்லை. 1990களில் அங்கும் குற்றம் இறங்கியதே! எங்கள் சொந்தக்காரரில் பாதிப் பேர் அங்கேதான், கேட்டுப் பாருங்கள்.

பெற்றோல் தம்பி:
பெற்றோல் புகையில் வந்த ஈயம்தான் காரணம். அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். அமெரிக்கா 1970களில் பெற்றோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. அப்போது பிறந்தவர்கள் இளைஞர் ஆனபோது குற்றம் இறங்கியது. இங்கே 2002இல்தான் நிறுத்தினார்கள்.

வெள்ளவத்தையான்:
அப்படியென்றால் 2022இல் பெற்றோலே இல்லாமல் கியூவில் நின்ற நாங்கள் எல்லாரும் புத்தராகியிருக்க வேண்டுமே, தம்பி!

கணக்கு ரீச்சர்:
சிரித்துவிட்டேன். ஈயத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், முழுப் பங்கும் அதற்கில்லை. என்னைக் கேட்டால் பூட்டைச் சொல்வேன். பிரித்தானியாவில் 1998இலிருந்து புதுக் கார்களுக்கு இமொபிலைசர் கட்டாயம். சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அதன்பின் கார்க் களவு நன்றாக விழுந்தது. கள்ளன் திருந்தியா? இல்லை. பதினாறு வயதில் கார் தூக்கித் தொழில் பழகுகிறவனுக்கு அந்தப் பள்ளிக்கூடமே மூடிப்போனது.

பழைய ராலி:
நீங்கள் எண்ணுகிற களவில் என் சைக்கிள் இல்லை. பொலிசில் என்ட்ரி போட மூன்று தரம் அலைந்தேன், கடைசியில் விட்டுவிட்டேன். பொலிஸ் புத்தகத்தில் களவு குறைந்தால் நான் சிரிப்பேன்.

கணக்கு ரீச்சர்:
அதுதான் நாடுகளை ஒப்பிடும்போது முதலில் கொலையை எடுக்கிறார்கள், அண்ணை. சைக்கிளை விடலாம், பிணத்தை அவ்வளவு சுலபமாக விட ஏலாது.

வெள்ளவத்தையான்:
சரி ரீச்சர், காருக்குப் பூட்டு. கழுத்துச் சங்கிலிக்கு என்ன பூட்டு? அதற்கு ஒழுங்கையில் பொலிஸ் நடக்கத்தான் வேண்டும். தெருவிளக்கும் இரண்டு மாதமாக எரியவில்லை. நாளைக்கு இரண்டுக்கும் சேர்த்து முறைப்பாடு போடுகிறேன்.