அகமது மோர்சியின் கண்கள்

எகிப்தியக் கவிஞரும் ஓவியருமான அகமது மோர்சியின் படங்களை 2017இல் ஷார்ஜாவில் பார்த்தேன். அங்குள்ள கலை அறக்கட்டளை அவருடைய வாழ்நாள் வேலையைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்திருந்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த எகிப்திய நண்பர், அலெக்சாந்திரியாக்காரர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிப்போனார்.

முதலில் பிடித்து நிறுத்தியவை கண்கள். நீண்ட முகங்களில் அகலத் திறந்த, இமைக்காத பெரிய கண்கள். அந்த மனிதர்களோடு ஒரு குதிரை இருக்கும், இல்லையென்றால் மீன் அல்லது பறவை. பின்னால் நீலம். அதிகம் சாம்பல் கலந்த, குளிரடிக்கும் நீலம். "எங்க ஊர்க் கடல் மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும்" என்றார் நண்பர். ஆனால் நாங்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்த படம் நியூயார்க்கில் வரைந்தது. 1974இலேயே மோர்சி அங்கே குடியேறிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் கை அந்தக் கடலைத்தான் தேடிப் போயிருக்கிறது. வளைகுடாவில் காலம் தள்ளியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

1930இல் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்தார், கூடவே ஓவியமும் கற்றார். ஐம்பதுகளின் நடுவில் கொஞ்ச காலம் பாக்தாத், பிறகு கெய்ரோ. அங்கே நாடகங்களுக்கு அரங்கமும் உடையும் வடிவமைத்தார். 1968இல் எகிப்திய எழுத்தாளர் எத்வார் அல்-கர்ராத் போன்ற நண்பர்களோடு சேர்ந்து 'கேலரி 68' பத்திரிகையைத் தொடங்கினார். நம்மூர் சிறுபத்திரிகை மாதிரிதான்: ஆயுள் சில ஆண்டுகள், தாக்கம் ஒரு தலைமுறைக்கு.

என்னை அதிகம் உலுக்கியது வேறு. 1967இல் இஸ்ரேலுடன் நடந்த போரில் எகிப்து தோற்ற பிறகு அவர் நெடுங்காலம் கவிதையே எழுதவில்லை. தொண்ணூறுகளில்தான் திரும்பி வந்தார். இடையில் தூரிகை மட்டும் நிற்கவில்லை. அந்தக் கண்கள் ஏன் அப்படி விழித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அவர் இதை ஒப்புக்கொள்வாரோ என்னவோ, நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பிறகு எழுதிய கவிதைகளை ஆங்கிலத்தில் படித்தேன். அலெக்சாந்திரியாவும் நியூயார்க்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன. கிரேக்க மொழியில் எழுதிய அதே அலெக்சாந்திரியாக் கவிஞர் கவாஃபியை அரபியில் மொழிபெயர்த்ததோடு, அவர் கவிதைகளை வைத்துச் செதுக்கோவியங்களும் (உலோகத் தகட்டிலிருந்து அச்செடுக்கும் படங்கள்) செய்திருக்கிறார் மோர்சி. அவற்றைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

இவர் கவிதை எதுவும் தமிழில் வந்திருந்தால் சொல்லுங்கள். வரவில்லையென்றால், நம்மிடையே அரபி நன்றாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாலைந்து கவிதையாவது நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.