பொருள்: ஈரல் கட்டிக்கு ஊசி இறக்கும்போது கோணம் பிடிக்கும் எந்திரக் கை – நல்ல சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன்.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் நாலு பக்க விளக்கத்தாள் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. கல்லீரலில் உள்ள கட்டியை, வயிற்றைத் திறக்காமல், தோல் வழியாக ஊசி இறக்கி உள்ளேயே சுட்டுச் சாகடிக்கும் சிகிச்சை. சி.டி. படத்தைப் பார்த்து ஊசி இறக்குகிறார்கள். எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று ஓர் எந்திரம் பிடித்துக் கொடுக்கிறது. என் முதல் வரைவு இது:

> பட வழிகாட்டுதலுடன் கூடிய ரோபோ உதவிபெற்ற தோல்வழி நுண்ணலை நீக்கச் சிகிச்சை

எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. தக்கலையில் இருக்கும் மைனியிடம் (அண்ணியிடம்) வாசித்துக் காட்டினேன். தினமும் பேப்பர் படிக்கிறவர். 'ரோபோ' என்றதும் நிறுத்தி, "அப்போ டாக்டர் வெளிய போயிருவாரா?" என்று கேட்டார். 'நீக்க' வந்ததும், "எடுத்த கட்டிய நம்ம கையில காட்டுவாங்களா?" என்றார். கட்டியை யாரும் எடுப்பதில்லை. டாக்டரும் எங்கும் போவதில்லை. இரண்டு கேள்வியும் என் தமிழ் கிளப்பிவிட்டவை.

'எந்திரன்' என்று போடலாம் என்று சிலர் சொல்வீர்கள். அன் விகுதி சேர்ந்ததுமே ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறான். 'தானியங்கி' இன்னும் மோசம். தானாக இயங்காத ஒன்றுக்கு எப்படி அந்தப் பெயர்? மூலச்சொல்லுக்கே போகலாம் என்றால் அது செக் மொழியின் 'ரொபோட்டா'. சம்பளமில்லாக் கட்டாய வேலை. 1920இல் அதிலிருந்து ரோபோ பிறந்தது. திருவிதாங்கூர் காலத்தில் நம் ஊரில் இதற்கு அச்சு அசலான சொல் இருந்தது: ஊழியம். ஆனால் இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் 'ஊழியர் வந்திருக்கிறார்' என்றால் பைபிளோடு ஒருவர் படியேறி வருகிறார் என்று பொருள். ஆபரேஷனுக்கு முன்னால் அதைச் சொன்னால் நோயாளி என்ன நினைப்பார்!

எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். உள்ளேயே சுட்டு அழிப்பதற்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று.

---

கதிர்ப்பட மருத்துவர், ஆசாரிபள்ளம்:

சொல் தேடும் முன் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

நோயாளிக்கு மயக்கம் கொடுத்து சி.டி. மேசையில் படுக்க வைப்போம். மூச்சுக்கு மூச்சு கல்லீரல் ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது மேலும் கீழும் போய்வரும். அதனால் படம் எடுக்கும்போதும் ஊசி இறங்கும்போதும் மூச்சை ஒரே நிலையில் நிறுத்திக் கொள்கிறோம். படம் எடுக்கும் அந்தச் சில நொடிக்கு எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவோம். உங்கள் மைனி கேட்டது முழுக்கத் தப்பில்லை. ஆனால் உடனே திரும்பி வந்துவிடுவோம். அப்புறம் திரையில் தோலிலிருந்து கட்டி வரைக்கும் ஒரு கோடு போடுவேன். விலா எலும்பு, நுரையீரலின் கீழ் ஓரம், பித்தப்பை, பெரிய இரத்தக்குழாய் எதிலும் அந்தக் கோடு படக்கூடாது. மேசைக்குப் பக்கத்தில் தரையோடு பூட்டி நிற்கும் எந்திரம் கையை நீட்டி, அதே கோணத்தில் ஒரு சிறு குழலைத் தோலுக்கு மேல் பிடிக்கும். குழலுக்குள் ஊசியை விட்டு இறக்குவது என் கை. பிறகு இன்னொரு படம் எடுத்து, சரியாகப் போயிருந்தால்தான் நுண்ணலையை ஓட விடுவேன்.

அடுக்களை மைக்ரோவேவ் அடுப்பில் ஓடும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் பல கருவிகள் பயன்படுத்துகின்றன. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திசு கிட்டத்தட்ட உடனே செத்துவிடும். 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டி என்றால் நல்லது. கட்டியை மட்டும் சுட்டால் போதாது, சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட வேண்டும். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், ஓரம் வேகாமல் நிற்கும். ஊசி கொஞ்சம் தள்ளி இறங்கினாலும் இதே கதை. அதற்காகத்தான் அந்தக் கை. நேராக இறக்கும் ஊசிக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்து வெறுங்கையால் இறக்குகிறவர்கள்தான் அதிகம். உதரவிதானத்துக்கு அடியில் ஈரலின் உச்சியில் கட்டி இருந்து, ஊசி இரண்டு பக்கமாகச் சாய்ந்து போக வேண்டி வந்தால், அப்போது அதன் அருமை தெரியும்.

சென்னையில் பெர்ஃபின்ட் நிறுவனம் செய்த மாக்சியோ இந்த வகை. பிரான்ஸில் செய்த எபியோனுக்கு 2021இல் ஐரோப்பிய அனுமதியும் 2023இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தன. இஸ்ரேலில் செய்த ஒன்று ஊசியைத் தானே உள்ளே தள்ளும், போகும் வழியில் திருத்தவும் செய்யும். ஆகவே 'கோணம் காட்டி' என்று மட்டும் பெயர் வைத்தால் அது வெளியே நிற்கும்.

---

சித்த மருத்துவர், முஞ்சிறை:

சுடுவதற்குப் புதுச்சொல் எதற்கு? எங்கள் புறமருந்து (உடலுக்கு வெளியே செய்யும் சிகிச்சை) முறைகள் 32இல் சுட்டிகை இருக்கிறது, சலாகை என்ற மெல்லிய கம்பிக் கருவியும் இருக்கிறது. சூடேற்றிய கருவியால் நோயுள்ள இடத்தைச் சுடுவது சுட்டிகை. 'நுண்ணலைச் சுட்டிகை' என்று வையுங்கள். ஊசியைச் சலாகை என்று சொன்னாலும் பொருந்தும். மருந்து ஏற்றும் ஊசி இல்லையே அது.

---

கதிர்ப்பட மருத்துவர்:

வைத்தியர் ஐயா, சொல் அழகுதான். ஆனால் மஞ்சள்காமாலைக்குக் கையில் சூடு போட்ட தழும்போடு வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஈரல் நோய்க்குச் சுட்டிகை என்று நானே தாளில் எழுதிக் கொடுத்தால், 'பார்த்தியா, அன்னைக்கே எங்க தாத்தா சொன்னாரு' என்று கிளம்பிவிடுவார்கள். சலாகையை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்.

---

பள்ளி ஆசிரியை, குளச்சல்:

கைக்கு ஒரு சொல் என்னிடம் இருக்கிறது. கணியம்.

என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கடலுக்கு அடியில் 'பார்' என்னும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீர். அவர் கரையைப் பார்ப்பார். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முகடும் ஒன்றன் மேல் ஒன்றாக வர வேண்டும். அது ஒரு கோடு. தலையைத் திருப்பி இன்னொரு பக்கம் பார்த்தால், ஒரு தென்னந்தோப்பு ஓரமும் வேறொரு குன்றும் சேர வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் அடியில் பார் இருக்கும், பாரில் மீன் இருக்கும். இதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். கேரளப் பக்கம் கணிச்சம். அலை தூக்கிப்போட்டால் மறுபடி பார்த்து வள்ளத்தைத் திருப்ப வேண்டும்.

டாக்டர் சொன்னதும் இதேதான். கண்ணுக்குத் தெரியாத இடம், வெளியே உள்ள அடையாளம், மூச்சில் ஆடும் ஈரல். அந்தக் கை கணியம் பிடித்துக் கொடுக்கிறது, தூண்டிலை இறக்குவது மனுஷன். 'கணியக்கை' என்று சொல்லிப் பாருங்கள்.

---

மென்பொருள் பணி, மார்த்தாண்டம்:

டீச்சர், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கணினிக்காரர்களிடம் கணியம் என்றால் கணிமை (கம்ப்யூட்டிங்) பக்கம் போய்விடுவார்கள். மற்றவர்கள் ஜாதகக் கட்டத்தைக் கொண்டு வருவார்கள். கணியன் சோதிடனும் ஆயிற்றே. 'எந்திரக்கை' போதாதா?

---

நாகர்கோவிலில் இருந்து, மறுபடியும் நான்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரின் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

முதலில் சுடுவது. 'நீக்கம்' போகட்டும். வெட்டி எடுப்பதற்கே அது பொருந்தும். 'சுட்டழிப்பு' என்று வைக்கிறேன். சுட்டிகையிலிருந்து ஒரு கால் தள்ளி நிற்கிறது, சூடு போடும் தாத்தாவுக்கும் இடம் கொடுக்காது. உறைய வைத்துக் கொல்லும் முறையைச் சொல்ல நேர்ந்தால் 'உறையழிப்பு' என்று அதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம். 'பட வழிகாட்டுதலுடன் கூடிய' என்பது 'படவழி' என்று சுருங்கினால் போதும்.

கை விஷயத்தில் மார்த்தாண்டம் தம்பி சொல்வது நியாயம்தான். ஆனாலும் நான் டீச்சர் பக்கம். எந்திரக்கை என்றால் என்ன செய்யும் கை என்று தெரியாது; தொழிற்சாலையில் கார் பற்றவைக்கும் கையும் எந்திரக்கைதான். கணியக்கை என்றால் அதன் வேலை பெயரிலேயே இருக்கிறது. இஸ்ரேல் எந்திரம் தூண்டிலையும் தானே இறக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், கணியம் பார்க்காமல் இறக்க முடியாதல்லவா? சோதிடப் பயத்துக்கு ஒரு வழி: முதல் பக்கத்தில் எந்திரக்கை என்று சொல்லி விளக்கிவிட்டு, பிறகு கணியக்கை என்று பழக்குவது. கடற்கரைக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. மலையோரத்து ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு வரி கூடுதலாக எழுதுவேன்.

இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

> கல்லீரல் கட்டிக்குப் படவழிச் சுட்டழிப்பு. கட்டிக்குப் போகும் வழியை மருத்துவர் படத்தில் குறிப்பார். கணியக்கை அந்தக் கோணத்தைப் பிடித்துக் கொடுக்கும். சலாகையை மருத்துவர் தம் கையால் இறக்குவார்.

சலாகை என்றதும் மைனி "கம்பியா?" என்று முகம் சுளித்தார். நோயாளிக்கான தாளில் 'ஊசி' என்றே விடுகிறேன். வைத்தியர் ஐயா மன்னிக்க வேண்டும், மருத்துவர்களுக்கான குறிப்பில் சலாகை இருக்கும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. டாக்டரிடம் தொலைபேசியில் பேசியபோது தெரிந்தது. சுட்ட பிறகு ஒரு மாதத்தில் எடுக்கும் படத்தில், பழைய கட்டியைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு வட்டம் தெரியும். நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட்டதால் அப்படி. நாளாக நாளாகச் சுருங்கும். ஆனால் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர்கள் கட்டி வளர்ந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறார்களாம். அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும், பார்த்ததும் பயம் வராத பெயராக. 'சுட்ட தழும்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். தழும்பு என்றால் தோலுக்கு மேலே இருப்பது என்று நினைப்பார்களோ என்று சந்தேகம். 'சுடுவடு', 'வெந்த இடம்' இரண்டும் கைவசம் உண்டு. 'வெந்த இடம்' மைனி சொன்னது.

திங்கள்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. ஞாயிறு ராத்திரிக்குள் சொல்லுங்கள்.