இலங்கை மலையகத்தில் குழாய்க் கிணறு அடித்தவர்களின் அனுபவங்கள்

வெலிமடை, ஆசிரியர்

இயந்திரம் வந்ததையும், மேல்மண் துளைக்குள் சரியாமல் தடுக்கும் குழாயான கேசிங்கை இறக்கியதையும் விரிவாக எழுதவில்லை. இங்கே வாசிப்பவர்களுக்கு அவை தெரிந்தவைதான். என் மனதை இன்னும் உறுத்துவது கடைசிக் கால் மணி நேரம். 220 அடியில் அடிப்பதை நிறுத்தினார்கள். மறுநாள் மாலை ஒப்பந்தகாரர் ஒன்றரைக் குதிரைவலு மோட்டரை 200 அடியில் இறக்கி ஓடவிட்டார். முதலில் சாம்பல் கரைத்தது போலவும், பிறகு பால் தேநீர் நிறத்திலும் வந்த நீர் சிறிது நேரத்தில் கண்ணாடியாகத் தெளிந்தது. என் தாயார் வாழ்நாளில் பாதியைத் தோட்டத்தில் ஊற்று நீர் விழும் பீலியடியில் குடத்துடன் காத்திருந்து கழித்தவர். அவர் இரண்டு கைகளாலும் அந்த நீரை ஏந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் ஒப்பந்தகாரர் கணக்குத் தாளையும் பேனாவையும் நீட்டி, "சேர், தண்ணிய பாருங்க, இனி ஆயுசுக்கும் பிரச்சின இல்ல" என்றார். நான் தாளை வாசிக்காமல் கையொப்பமிட்டேன்.

அடுத்த பெப்ரவரியில் மோட்டர் ஓடிய இருபதாவது நிமிடத்தில் குழாய் காற்றை மட்டுமே துப்பியது. மூன்றாவது வாரத்தில் மோட்டர் எரிந்துபோனது. அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு அங்குலத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் நீர் நிற்கும். எங்கள் கிணற்றில் நீர் 60 அடியில் நின்றது; அங்கிருந்து மோட்டர் வரையுள்ள 140 அடிக்கு 770 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் இறைத்தால் பத்தொன்பது நிமிடங்களில் அது முடிந்துவிடும். அன்று நாங்கள் பார்த்து மகிழ்ந்தது துளைக்குள் தேங்கி நின்ற நீரை மட்டுமே. பாறையிலிருந்து எவ்வளவு ஊறுகிறது என்பதை எவரும் அளக்கவில்லை. ஒப்பந்தகாரருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அட்டன், தனியார் நிறுவன ஊழியர்

எங்களுக்கு நீர் கிடைத்தது. பிரச்சினை ஆழத்தில் வந்தது. கட்டணம் அடிக்கணக்கில் என்பதும், கேசிங்குக்குத் தனியாக அறவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்று நான் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளிடம், துளையிடும் பத்து அடி இரும்புத் தண்டான ராட் ஒவ்வொன்று இறங்கும்போதும் சுவரில் ஒரு கோடு போடும்படி சொல்லிவிட்டுப் போனேன். அந்த இரைச்சலிலும் கல்தூசியிலும் அவள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மாலை வரை நின்றிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது சமையலறைச் சுவரில் கரித்துண்டால் போட்ட 29 கோடுகள் இருந்தன. ஐந்து ஐந்தாகக் குறுக்கே வெட்டி, மிக ஒழுங்காகப் போட்டிருந்தாள். கணக்குத் தாளில் 340 அடி என்று இருந்தது.

நான் கேட்டதும் ஒப்பந்தகாரர் அவளைப் பார்த்து, "ஒரு சின்னப் புள்ள கீறின கோட்ட நம்பியா பேசுறீங்க?" என்றார். மகள் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மோட்டர் இறக்கு முன்பே நைலோன் கயிற்றில் இரும்புத் துண்டைக் கட்டித் துளைக்குள் விட்டு, வெளியே எடுத்து முற்றத்தில் நீட்டி அளந்தோம். 288 அடி. பணத்தைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஐம்பது அடிக்கான பணத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மறு ஆண்டு மோட்டர் பழுதடைந்தபோது அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கம்பளையிலிருந்து வேறு ஆளை அழைத்தோம்.

மாத்தளை, கடை நடத்துபவர்

வெலிமடை ஆசிரியர் எல்லாப் பழியையும் ஒப்பந்தகாரர் மேல் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இடத்தைத் தெரிவு செய்தது யார் என்பதை அவர் எழுதவில்லை. மலையகத்தில் நிலத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் உருமாறிய கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் ஓடுகிறது. முப்பது அடி தள்ளி அடித்தால் ஒரு வீட்டுக்கு நீர் உண்டு, அடுத்த வீட்டுக்கு வெறும் கல்தூள். துளைப்பவர் என்ன செய்வார்?

எங்கள் வீட்டில் என் மாமா தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து, முன்வாசலில் ஓர் இடத்தைக் காட்டினார். ஊரில் பல கிணறுகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர். நான் பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் தடையை அளக்கும் ஆய்வையும் செய்வித்தேன். ஆய்வுக்கு வந்த இளைஞர் நான்கு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் அடித்து, கம்பிகளை இழுத்து, அரை நாள் எண்களை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் உள்ள இடத்தைச் சொன்னார். மாமா அன்று எங்கள் வீட்டில் சாப்பிடாமலே போனார். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால்தான் அடித்தோம். 110 அடியில் ஈரம் மட்டும் தெரிந்தது. 180 அடியில் கம்ப்ரசர் காற்றோடு நீர் மரக்கிளை உயரத்துக்கு எழும்பியது. அந்தச் செய்தியைச் சொல்ல மாமா வீட்டுக்குப் போனபோது அவர் கதவைத் திறந்த விதத்தை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. எங்கள் பக்கம் சுண்ணாம்புக் கல் உள்ள நிலம் என்பதால் நீர் கடினமானது, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறது. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லைதான், ஆனாலும் நான் ஒப்பந்தகாரரைக் குறை கூறமாட்டேன்.

நாவலப்பிட்டி, ஓய்வுபெற்ற மோட்டர் திருத்துநர்

என் அனுபவம் சிறியது. ஒரு வீட்டில் எரிந்துபோன மோட்டரை 240 அடியிலிருந்து நான்கு பேர் கையால் இழுத்தோம். பாதியில் கயிறு அறுந்து மோட்டர், குழாய், வயர் எல்லாம் துளைக்குள் போய்விட்டன. வீட்டுக்கார அம்மா துளையின் வாயருகே மண்டியிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கிணறு அத்தோடு முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகியும் அந்த அம்மாவை மறக்க முடியவில்லை.

வெலிமடை ஆசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கிணறு கெட்ட கிணறு அல்ல என்று நினைக்கிறேன். கோடையில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஊறினாலும் நாளுக்கு 2,880 லீற்றர் வரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம். பிழையானது மோட்டர்தான். அரைக் குதிரைவலு மோட்டர், நீர் இறங்கினால் தானாக நிறுத்தும் கருவி, மேலே ஓர் ஆயிரம் லீற்றர் தாங்கி, நாளில் சில தடவை சிறிது சிறிதாக இறைக்க ஒரு டைமர், இவை இருந்தால் போதும். நீங்கள் முதலில் ஊறும் அளவைப் பாருங்கள்: இறைத்து முடித்ததும் மெல்லிய கயிற்றில் ஒடுக்கமான பாரத்தைக் கட்டிக் குழாயோரமாக மெதுவாக இறக்கி நீர்மட்டத்தைக் குறியுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். மோட்டரை ஒருபோதும் அடித்தரையில் உட்கார வைக்காதீர்கள், கல்தூள் அதை அரித்துவிடும்.

மாத்தளைத் தம்பிக்கும் ஒன்று. துளைப்பவருக்குப் பொறுப்பில்லை என்பது சரியல்ல. எத்தனை அடியில் கடினப் பாறை வந்தது, கேசிங் எதுவரை போனது, எந்தெந்த அடியில் நீர் முட்டியது, எவ்வளவு ஊறுகிறது, இவற்றை எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. கேசிங்கைப் பாறைக்குள் இறுக்கமாக இறக்கி வெளிப்புறத்தைச் சீமெந்தால் அடைக்காவிட்டால் மேல்மண் நீர் எல்லாம் துளைக்குள் வடியும். காசை மிச்சம்பிடிக்க முதலில் கைவைப்பதும் கேசிங்கில்தான். மலசலகூடக் குழியிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும். குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருக்கவே கூடாது. சரிவான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயத்தைப் பற்றிக் கேளுங்கள். இறைத்துக் கழுவும் நீரைச் சரிவில் திறந்துவிடாமல் வடிகானுக்குக் கொண்டுபோங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பை மூடிய மண்சரிவைக் கண்ட நாம் மலைக்குள் நீர் இறங்குவதை அலட்சியமாக எண்ண முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கப்பாதைக்குள் நீர் பீறிட்டபோது மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. பாறையின் வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஓரிடத்தில் திறந்தால் வேறோரிடத்தில் குறையும். ஆகவே அயல் வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அடிப்பதற்கு முன்பே குறித்து வையுங்கள், பிறகு சண்டை வராது.

தலவாக்கலை, தோட்ட வீட்டிலிருந்து

நாவலப்பிட்டி ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்கென்று எங்களுக்குக் கொடுத்த காணி ஏழு பேர்ச். ஏழு பேர்ச் என்றால் 1,906 சதுர அடி. சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. அதற்குள் வீடு, மலசலகூடக் குழி, கிணறு மூன்றையும் வைத்து 50 அடி தூரம் எப்படி விடுவது? எங்கள் குழியிலிருந்து தள்ளிக் கிணறு அடித்தால் மேல்வீட்டு அக்காவின் குழி நெருங்கிவிடும். அதனால் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, வரிசையின் மேல் முனையில் குழிகளுக்கெல்லாம் மேட்டில் ஒரே கிணறாக அடித்தோம். அதற்குச் சேர்த்த காசில் என் தங்கை கொழும்பில் வீட்டுவேலை செய்து அனுப்பியதும் இருந்தது.

நீர் தெளிவாகத்தான் வந்தது. அன்றே மாமியார் அந்த நீரில் தேயிலை போட்டு, ஐந்து வீட்டாருக்கும் ஒப்பந்தகாரரின் பையன்களுக்கும் கிளாஸ்களில் ஊற்றினார். ஊற்றும்போதே அதன் நிறம் மாறிக்கொண்டு வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய சாயம் எங்கள் கண்ணெதிரே எழுதுகிற மையைப் போலக் கறுத்துவிட்டது. முப்பது வருடம் கொழுந்து பறித்த அவருக்குத் தேநீரின் நிறத்தில் யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது தேத்தண்ணி இல்ல" என்று மட்டும் சொல்லி முற்றத்தில் ஊற்றினார். ஒரு வாளியில் பிடித்து வைத்த நீர் மறுநாள் காலையில் மஞ்சளாகி, அடியில் துரு படிந்திருந்தது. நீரில் உள்ள இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்தால் கறுக்கும் என்று பிறகு பாடசாலை விஞ்ஞான மிஸ் விளக்கினார்.

ஒப்பந்தகாரர் உடனே விலை கூடிய வடிகட்டி ஒன்றைச் சொன்னார். நாங்கள் அதை வாங்கவில்லை. நீரை உயரத்திலிருந்து துளையிட்ட தட்டுகள் வழியாகத் தூறலாக விழவிட்டு, காற்றுப் பட்டதும் துரு பிரிய, கீழே மணல் தொட்டியில் வடிகட்டி எடுக்கிறோம். மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து மணலைக் கழுவுகிறோம். இப்போது தேநீர் சிவப்பாக இருக்கிறது. மாமியார் மட்டும் இன்னும் பீலித் தண்ணீரில்தான் தேநீர் போடுகிறார்.

வெலிமடை, ஆசிரியர்

நாவலப்பிட்டி ஐயா சொன்னபடி, புதிய மோட்டரை நிறுத்தியதும் கயிறு இறக்கி இரண்டு நாட்கள் அளந்தேன். முதல் மணி நேரத்தில் நீர் 22 அடி ஏறியது. அதாவது ஏறத்தாழ 120 லீற்றர். அவர் சொன்ன, நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் என்ற அளவுதான். மாத்தளை நண்பர் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும்: இடத்தைக் காட்டியது நான்தான், வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று. அதை ஏற்கிறேன்.

நேற்று இரவு அந்தக் கையொப்பமிட்ட தாளைத் தேடி எடுத்தேன். அடி, கேசிங், மோட்டரின் விலை எல்லாம் நிரப்பப்பட்டிருக்கின்றன. "நீர் ஊறும் அளவு, நிமிடத்துக்கு லீற்றர்" என்று அச்சிட்ட இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. அதற்கு நேர் கீழேதான் என் கையொப்பம் இருக்கிறது.