வீட்டுக் கடன் எடுக்கும் முன் பழைய கார்டை மூடலாமா?

செங்காங்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு கடன் அட்டைகள் இருக்கின்றன. மூன்று ஒரே வங்கியில், ஒன்று வேறு வங்கியில். முதல் வங்கியில் மூன்றுக்கும் சேர்த்து 12,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரம்பு, மற்றதில் 6,000. மாதம் 2,500 வெள்ளி வரை செலவாகும், முழுத்தொகையையும் கட்டிவிடுவேன். அந்த மூன்றில் பழைய கார்டுக்கு இந்த மாதம் ஆண்டுக் கட்டணம் 196.20 வெள்ளி விழுந்திருக்கிறது. அதைத் தேய்த்தே ரொம்ப நாளாகிறது. அடுத்த ஆண்டு ரீசேல் வீடு வாங்க வங்கிக் கடன் கேட்கப்போகிறோம். இப்போது மூடினால் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அடிபடுமா?

உட்லண்ட்ஸ்_ரவி:
மூடவே மூடாதீர்கள் தம்பி. வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை எதையும் அசைக்கக் கூடாது. பழைய கார்டு என்றால் உங்கள் கடன் வரலாறே அதில்தான் இருக்கிறது. வரம்பு குறைந்தால் அதில் நீங்கள் பயன்படுத்தும் விகிதம் ஏறும், ஸ்கோர் இறங்கும். 196 வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய் பல லட்சம் கடனில் சிக்கல் வந்தால் யார் பொறுப்பு?

கல்பனா_ஜூரோங்:
ரவி அண்ணே, நீங்கள் சொல்வது அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் வரும் அறிவுரை. இங்கே அப்படியே பொருந்தாது. சிங்கப்பூரில் பெரும்பாலான வங்கிகள் ஒருவருக்கு ஒரே மொத்த வரம்பைக் கொடுத்து, அதை அவருடைய எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாக வைக்கின்றன. தம்பியே சொல்லிவிட்டார், மூன்றுக்கும் சேர்த்துத்தான் 12,000. ஒன்றை மூடினாலும் மற்ற இரண்டில் அதே 12,000 நிற்கும். விகிதம் அசையவே அசையாது.

இதே கேள்வியை இரண்டாவது வங்கிக் கார்டுக்குக் கேட்டிருந்தால் கதை வேறு. அங்கே அவருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதை மூடினால் மொத்த வரம்பு 18,000-லிருந்து 12,000 ஆகும். அதே 2,500 வெள்ளிச் செலவு 14 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடு ஆகும். பெரிய ஆபத்து என்று அதையும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கார்டு என்று பார்க்காமல் "மூடாதே" என்று சொல்வது சரியில்லை.

உட்லண்ட்ஸ்_ரவி:
வரம்பு விஷயத்தில் சரி, ஒத்துக்கொள்கிறேன். வரலாறு? வங்கிகளுக்குக் கடன் அறிக்கை தரும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் ஸ்கோருக்குப் பார்க்கும் ஆறு அம்சங்களில் கணக்கின் வரலாறும் ஒன்று. நீண்ட காலம் ஒழுங்காகக் கட்டியவருக்கு அது சாதகம் என்று அவர்களே சொல்கிறார்கள். அதை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

கல்பனா_ஜூரோங்:
அதே ஆறில் திறந்திருக்கும் கணக்குகளின் எண்ணிக்கையும் ஒன்று, அண்ணே. தொடாத கார்டுகளைக் குவித்து வைப்பது ஒரு பலம் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம், நம் கடன் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் தெரிவது கடைசி 12 மாதக் கட்டண நிலவரம். தம்பி மற்ற கார்டுகளில் மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறார், அந்த நல்ல பதிவு அப்படியே இருக்கும். எல்லாக் கார்டையும் ஒரேயடியாக மூடிவிட்டுக் கடன் கேட்கப் போனால்தான் வங்கிக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஸ்கோர் 1000 முதல் 2000 வரை, கூடினால் நல்லது; தரத்தில் ஏஏ சிறந்தது, எச்எச் கடைசி. வீட்டுக் கடனுக்கு வங்கி இதை மட்டுமா பார்க்கிறது? மொத்தக் கடன் தவணைகள் வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எச்டிபி (அரசு வீடமைப்புக் கழக) வீடு என்றால் வீட்டுத் தவணை மட்டும் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களை இந்த இரண்டு கணக்கும்தான் இழுத்துப் பிடிக்கின்றன.

யீசூன்_செல்வி:
நீங்கள் இருவரும் ஸ்கோரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மூடு என்றுதான் சொல்வேன், காரணம் வேறு.

என் உறவினர் ஒருவர், நல்ல சம்பளம். "கையில் இருக்கட்டும்" என்று ஐந்தாறு கார்டு வைத்திருந்தார். வேலை போனதும் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார். ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. வட்டியோடு நிலுவையில் நிற்கும் பிணையற்ற கடன் (கார்டுக் கடன் போன்றவை) மாத வருமானத்தைப் போல் 12 மடங்கைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்தால், வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி கார்டில் புதிதாகச் செலவு செய்ய முடியாது. அந்த 12 மடங்கு வருவதற்குள்ளேயே குடும்பம் நொறுங்கிவிட்டது. அவருடைய மனைவி சாப்பாட்டு மேசையில் பில்களை வங்கிவாரியாகப் பிரித்து அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தேன். யாரும் அந்த நிலைக்குப் போகக் கூடாது என்று மனதார நினைக்கிறேன். தேவையில்லாத கார்டு வீட்டில் இருக்கவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ்_ரவி:
செல்வி, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் தம்பி முழுத்தொகையும் கட்டுகிறவர். அவருக்கு அந்த மருந்து தேவையில்லை. என் கேள்வி காலத்தைப் பற்றியது. வீட்டுக் கடன் முடிந்த மறுநாள் மூடட்டும், நானே கைதட்டுகிறேன். இப்போது கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வங்கியிடம் கேட்டாலே போதுமே? இங்கே பல வங்கிகள் கேட்டால் தள்ளுபடி தருகின்றன, செயலியிலேயே கேட்கலாம்.

கல்பனா_ஜூரோங்:
தள்ளுபடி கேட்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். முதலில் அதைச் செய்யுங்கள் தம்பி. மறுத்தால் மூடுங்கள், ஆனால் அவசரப்படாமல். ஸ்கோரைக் கெடுப்பது பெரும்பாலும் மூடிய விதம்தான்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் நிலுவை பூஜ்யம் என்று பார்த்துவிட்டு மூடச் சொன்னார். அந்தக் கார்டைத்தான் எம்ஆர்டி ரயிலில் தட்டிக்கொண்டிருந்தார். சிம்ப்ளிகோ (வங்கிக் கார்டையே பயணச்சீட்டாகத் தட்டும் முறை) பயணக் கட்டணம் சில நாள் சேர்ந்து பிறகுதான் கார்டில் ஏறும். மூடிய பிறகு ஏழெட்டு வெள்ளி வந்து உட்கார்ந்தது. பில் பழைய மின்னஞ்சலுக்குப் போனது, தாமதக் கட்டணம் சேர்ந்தது, தாமதம் அறிக்கையிலும் ஏறிவிட்டது. ஏழு வெள்ளிக்காக!

அதனால் முதலில் அந்தக் கார்டில் தானாகக் கழியும் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள்: தொலைபேசி, காப்புறுதி, வீடியோ சந்தா. தவணைத் திட்டம் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள், மூடினால் மிச்சத்தை ஒரே தடவையில் கேட்பார்கள். புள்ளிகள் இருந்தால் கிரிஸ்ஃபிளையர் விமான மைலாகவோ வவுச்சராகவோ மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போய்விடும். ஒரு முழு பில் சுற்று சும்மா விடுங்கள். அப்புறம் மூடச் சொல்லி, மூடிவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். மற்ற இரண்டில் வரம்பு அதே 12,000தானா என்றும் அப்போதே கேளுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிங்பாஸ் (அரசு மின்னடையாளம்) வழியாகக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

இன்னொன்று: மூடிய கையோடு அன்பளிப்புப் பெட்டிக்கு ஆசைப்பட்டுப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்கும், அது பதிவாகும். கடன் கேட்கப்போகும் நேரத்தில் அது வேண்டாம்.

உட்லண்ட்ஸ்_ரவி:
கடைசி விஷயத்தில் நூற்றுக்கு நூறு உடன்பாடு. மற்றபடி நானாக இருந்தால் காத்திருப்பேன். வீடு வாங்குகிற ஆண்டில் ஒரு சின்ன மாற்றத்தைக்கூட வங்கிக்கு விளக்கும் நிலைமை எனக்கு வேண்டாம்.

செங்காங்வாசி:
அக்கா, அண்ணே, செல்வி, எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை தள்ளுபடி கேட்கிறேன். தராவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மூடுகிறேன், இரண்டாவது வங்கிக் கார்டு வீட்டுக் கடன் முடியும்வரை இருக்கும். இப்போதுதான் பார்த்தேன், மனைவியின் துணைக் கார்டும் இந்தப் பழைய கார்டின் கீழ்தான் இருக்கிறது. அதுவும் சேர்ந்து மூடிவிடுமா?

கல்பனா_ஜூரோங்:
ஆமாம், மூலக் கார்டு போனால் துணைக் கார்டும் போகும். அவர் எந்தக் கார்டைத் தட்டிப் பேருந்து ஏறுகிறார் என்று இன்றைக்கே கேளுங்கள்.